கராஜில் ரேட் ராட் பிக்கப் கட்டுவது: காகிதம் தொடங்கி முதல் ஓட்டம் வரை

துருவேறிய பழைய பிக்கப் ஒன்று பானெட் இல்லாமல், எஞ்சினைத் திறந்து போட்டுக்கொண்டு, வயிறு தரையை உரசும் உயரத்தில் அமெரிக்கச் சாலையில் உறுமிக்கொண்டு போகும். பழைய இரும்புக் கடையிலிருந்து தப்பி வந்த மாதிரி இருக்கும். அதற்குப் பெயர் ரேட் ராட். ரேட் என்றால் எலி. ராட் என்பது ஹாட் ராடில் பாதி; ஹாட் ராட் என்றால் வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்.

ஹாட் ராட் கதை தெற்குக் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. 1930களில் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, யார் வண்டி வேகம் என்று ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் ஃபோர்டு தன் மலிவு விலைக் காருக்குள் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை வைத்தது அவர்களுக்கு வரமாகிப் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் கையில் கொஞ்சம் பணமும் மெக்கானிக் பயிற்சியும் இருந்தன, பைத்தியம் பரவியது. அப்புறம் அதில் பெரிய பணம் புகுந்தது. குரோமும் கண்ணாடி போன்ற பெயிண்டுமாக, மழையில் நனைக்கவே பயப்படும் வண்டிகள் வந்தன. அதற்கு எதிர்ப்பாட்டாக 1990களில் பேர் வாங்கியதுதான் ரேட் ராட். கிடைத்ததை வைத்துக் கட்டு, துருவை மறைக்காதே, கட்டியதை ஓட்டு.

ஓஹையோவில், இரண்டு கார் நிற்கும் கராஜில், 1951 செவ்ரோலே பிக்கப் ஒன்றை நான் இப்படிக் கட்டினேன். மூன்று குளிர்காலம் பிடித்தது. கீழே இருப்பது நான் செய்த வரிசை. சில இடங்களில், நான் செய்திருக்க வேண்டிய வரிசை.

தொடங்கும் முன் ஒன்று. பெயிண்ட் இல்லாத வண்டிதானே, எப்படிக் கட்டினாலும் சரி என்று நினைப்பவர்கள்தான் ஆபத்தான வண்டிகளைக் கட்டுகிறார்கள். பட்டியும் பெயிண்டும் இல்லாத வண்டியில் ஒளித்துவைக்க இடமே கிடையாது. ஒவ்வொரு வெல்டும், ஒவ்வொரு பிரேக் குழாயும் பார்ப்பவன் கண்ணுக்கு நேராக நிற்கும். துரு தோலோடு நிற்க வேண்டும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் புது வண்டி போல இருக்க வேண்டும்.

முதலில் காகிதம்

அமெரிக்காவில் வண்டியின் உரிமைப் பத்திரத்தை டைட்டில் என்பார்கள். டைட்டில் இல்லாத கேபின் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். சொன்னால் கேளுங்கள், வாங்காதீர்கள். ஓட்டவே முடியாத வண்டியை இரண்டு வருடம் கட்டிய ஆட்கள் உண்டு.

இந்தப் பழைய செவ்ரோலே பிக்கப்புகளில் வண்டி எண் தகடு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும். தகட்டில் உள்ள எண்ணும் டைட்டிலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். அந்தத் தகட்டைக் கழற்றி வேறு கேபினில் மாட்டுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். துரு எடுக்கும்போதுகூட அதன் மேல் டேப் ஒட்டி, தொடாமல் விட்டுவிடுங்கள்.

நாம் செய்யப்போவது 1951 கேபினை 1990களின் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் உட்காரவைப்பது. பதிவேட்டில் அது எந்த வருட வண்டி? இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறும். கலிஃபோர்னியாவில் இப்படிக் கட்டிய வண்டிக்கு ‘ஸ்பெஷலி கன்ஸ்ட்ரக்டட்’ என்று தனி வகையே இருக்கிறது. மட்கார்டு இல்லாமல் ஓடலாமா, பம்பர் வேண்டுமா என்பதும் அப்படித்தான். கட்டிங் வீலைக் கையில் எடுக்கும் முன் உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் (டி.எம்.வி.) கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேசிஸுக்கு வாங்கிய வண்டியின் டைட்டில், எஞ்சின் ரசீது, ஒவ்வொரு கட்டத்தின் புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். சோதனைக்கு வருபவர் கேட்பது அதைத்தான்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இந்த மாதிரி வண்டியைச் சாலையில் ஓட்ட விடாது. படித்து ரசிக்கலாம், அவ்வளவுதான்.

எந்த கேபின், எந்தச் சேசிஸ்

ஃபோர்டு மாடல் ஏ பிக்கப் அழகுதான். ஆனால் ஆறடி ஆள் உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். முதல் முறை கட்டுபவருக்கு நான் சொல்வது 1947 முதல் 1953 வரை வந்த செவ்ரோலே 3100. ஏராளமாக விற்ற வண்டி என்பதால் கேபின் இன்னும் கிடைக்கிறது. கதவு, தரைத் தகடு, மூலைத் தகடு எல்லாம் புதிதாகவும் வருகின்றன. 1953 வரை என்று நிறுத்துவதற்குக் காரணம் கண்ணாடி. அதுவரை முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டு. 1954-இல் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. கூரையை வெட்டித் தாழ்த்த நினைத்தால், தட்டைக் கண்ணாடியை எந்தக் கண்ணாடிக் கடையிலும் அளவுக்கு வெட்டித் தருவார்கள்; வளைந்ததை வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான். இதே காரணத்துக்காக, பின் மூலைகளில் வளைந்த ஜன்னல் உள்ள ஐந்து ஜன்னல் கேபினையும் தவிருங்கள். விலையும் அதற்குத்தான் அதிகம்.

கேபின் பார்க்கப் போகும்போது ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். கேபினின் பின் மூலை அடி, கால் வைக்கும் தரை, கதவின் கீழ் விளிம்பு, கூரை ஓரத்து நீர்த்தாரை. இந்த நான்கு இடத்தில் குத்திப் பாருங்கள். சிவந்திருப்பது பிரச்சினையில்லை, நமக்கு அதுதான் வேண்டும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் அது வேறு துரு. குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் எங்கள் ஓஹையோவில் அந்த இரண்டாவது வகைதான் அதிகம். என் கேபின் நியூ மெக்ஸிகோவிலிருந்து வந்தது. லாரி வாடகை கொடுத்தும் லாபம்தான்.

சேசிஸுக்கு மூன்று வழி. பழைய 3100-இன் சொந்தச் சட்டத்தையே வைத்துக்கொண்டு அச்சு, பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் மாற்றலாம். 2×4 அங்குலச் சதுரக் குழாயில் புதிதாகச் சட்டம் கட்டலாம். அசல் ரேட் ராட்காரர்கள் செய்வது இதுதான், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை அச்சோடு. மூன்றாவது வழி, செவ்ரோலே எஸ்-10 என்ற சின்னப் பிக்கப்பின் சேசிஸை அப்படியே எடுத்துக்கொள்வது. தூய்மைவாதிகள் மூக்கைச் சுளிப்பார்கள். ஆனால் முன் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், விபத்தில் மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் தண்டு எல்லாமே தொழிற்சாலையில் கணக்குப் போட்டுப் பொருத்தியபடி வருகின்றன. முதல் வண்டியிலேயே முன் அச்சின் கோணங்களைச் சொந்தமாகக் கணக்குப் போடுவேன் என்பவருக்கு என் வாழ்த்துகள்.

3100-இன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 116 அங்குலம். நீளத் தொட்டி (பின்னால் சாமான் ஏற்றும் பகுதி) வைத்த எஸ்-10-க்கு 117.9. குட்டைத் தொட்டி வண்டிக்கு 108.3 தான், அதை வாங்கிவிட்டு முழிக்காதீர்கள். இரு சக்கர இயக்க மாடல், 1994-க்குப் பின் வந்தது, ஓடுகிற நிலையில் முழு வண்டியாக வாங்குங்கள். சின்னச் சின்ன போல்ட், பிராக்கெட், பிரேக் சாமான், கேபிள் எல்லாம் அதோடு வந்துவிடும். இந்த மாதிரி வேலையில் பணத்தை விழுங்குவது எஞ்சின் அல்ல. பத்து டாலர், இருபது டாலர் சாமான்கள்.

கராஜ்

வெல்டிங் மெஷினுக்கு 240 வோல்ட் இணைப்பு வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். 200 ஆம்பியர் மிக் மெஷின் (கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங் மெஷின்), 75 பங்கு ஆர்கான் 25 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு கலந்த சிலிண்டர், இரண்டு கிரைண்டர் (ஒன்றில் வெட்டும் வீல், ஒன்றில் தேய்க்கும் வீல், ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும்), ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், ஆறு ஜாக்கி ஸ்டாண்டு. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், கதவுப் பக்கம். வெல்டிங் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்; அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து காபி குடியுங்கள். பழைய சீட்டுப் பஞ்சுக்குள் விழுந்த பொறி உடனே எரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்ட் வைத்தால் பாஸ்ஜீன் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. வெல்ட் வைக்கும் இடத்தை அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டப்பாவை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பிரித்தல்

எஸ்-10-இன் உடலை முழுக்கக் கழற்றுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் தனிப் பையில், பையின் மேல் பெயர். பழைய கேபினைச் சுத்தம் செய்யும்போது முகமூடி கட்டாயம். சீட்டுக்கு அடியில் எலிக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கும் (பெயர்ப் பொருத்தம்!). காய்ந்த எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டினால் அந்தத் தூசியில் ஹாண்டா வைரஸ் இருக்கலாம். பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவைத்து, துணியால் அள்ளுங்கள். பழைய பெயிண்டில் ஈயம், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ். ஏர் ஹோஸ் வைத்து ஊதாதீர்கள்.

பழைய பெட்ரோல் டாங்கை வெட்டவோ வெல்ட் வைக்கவோ கூடாது. காலியாகி இருபது வருடம் ஆகியிருந்தாலும் கூடாது.

உட்காரவைத்துப் பார்ப்பது

எதையும் வெட்டுவதற்கு முன் முழு வண்டியையும் மரக்கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்திப் பாருங்கள். வண்டி அழகாக நிற்பதும் அசிங்கமாக நிற்பதும் இங்கேதான் முடிவாகிறது. இதற்கு அவசரப்பட்டவர்கள் எல்லோருமே பிறகு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்திருக்கிறார்கள்.

முதலில் டயர். கடைசியில் எந்த உயர டயர் ஓடப்போகிறதோ அதே உயரத்தில் இப்போதே மாட்டுங்கள், வழுக்கையான பழைய டயர் ஆனாலும் பரவாயில்லை. பின்னால் பெரிது, முன்னால் சிறிது என்பது ஹாட் ராட் காலத்துப் பழக்கம்; பின்னால் 31 அங்குலம், முன்னால் 26 என்பது நல்ல தொடக்கம். சேசிஸை வண்டி ஓடும் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, நான்கு மூலையையும் ரசமட்டம் பாருங்கள். பிறகு இரண்டு ஆள் உதவியோடு கேபினைத் தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்து, அடியில் மரக்கட்டைகளை மாற்றி மாற்றிச் சொருகுங்கள். கேபினின் நடுக்கோடும் சேசிஸின் நடுக்கோடும் ஒன்றாக வர வேண்டும். கூரை நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் தெரிந்துவிடும்.

இனி கராஜ் கதவைத் திறந்து, தெருவுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். கிட்டத்தில் நின்றால் எதுவும் தெரியாது. ஒரு அங்குலம் முன்னால், ஒரு அங்குலம் கீழே என்று நகர்த்தி ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். ஏழாவது நாளும் பிடித்திருந்தால் சரி. எஸ்-10 சேசிஸ் பின்பக்கம் மேலே வளைந்து ஏறும் என்பதால் கேபின் ஆசைப்பட்ட அளவு தாழாது. கேபின் தரையை வெட்டி மேலே தூக்கி, உடலைச் சட்டத்துக்கு மேல் இறக்க வேண்டியிருக்கும். இதைச் சேனலிங் என்கிறார்கள். நான்கு அங்குலம் இறக்கினாலே தோற்றம் மாறிவிடும். அதற்கு மேல் இறக்கினால் உட்காருபவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு சீட்டாக வைத்துக்கொண்டால் போதும்.

தாழ்த்துவதற்கு ஒரு எல்லை உண்டு. டயரில் காற்று முழுக்க இறங்கினால் வண்டி ரிம்மின் மேல் நிற்கும். அப்போது ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இருக்கக் கூடாது. ஒரு பக்க ரிம்மின் அடியிலிருந்து எதிர்ப்பக்க டயர் தரையைத் தொடும் இடம் வரை ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும். நூலுக்குக் கீழே சைலன்ஸரோ ஸ்டியரிங் கம்பியோ தொங்கினால், பஞ்சர் ஆகும் நாளில் அதுதான் தார்ச்சாலையை உழும்.

சட்டத்தில் வெல்டிங்

தாழ்த்துவதற்கு முன்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்த ஸ்பிண்டில்கள் (சக்கரம் மாட்டும் அச்சு முனைகள்) கிடைக்கின்றன. பின்பக்கம், கமான் பட்டைக்குக் கீழே இருக்கும் அச்சைப் பட்டைக்கு மேலே மாற்றினால் ஐந்து ஆறு அங்குலம் இறங்கும். இறங்கியதும் பள்ளத்தில் விழும்போது அச்சு சட்டத்தில் இடிக்கும். அதனால் அச்சுக்கு மேலே சட்டத்தைப் பிறை வடிவில் வெட்டி, தடித்த தகட்டால் செய்த ‘சி’ வடிவப் பட்டையை அங்கே வைத்து வெல்ட் செய்ய வேண்டும்.

முதலில் பயிற்சி. அதே தடிமனில் இரண்டு துண்டு இரும்பை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்ட் வையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, நிமிர்ந்த துண்டை வெல்ட் உள்ள பக்கமாகவே சுத்தியலால் அடித்து மடியுங்கள். நல்ல வெல்ட் என்றால் தகடு வளையும், வெல்ட் பிடித்துக்கொள்ளும். மேலே பாம்பு முதுகு மாதிரி அழகாக இருந்தும், பட்டென்று பிரிந்து அடியில் வழவழப்பான இரும்பு தெரிந்தால், அது ஒட்டவே இல்லை; மேலே உட்கார்ந்திருக்கிறது. என் முதல் பதினோரு துண்டும் இப்படித்தான் பிரிந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற வெல்டர், குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘கோந்து போட்டு ஒட்டினாயா?’ என்று கேட்டார். கரண்ட்டைக் கூட்டி, கையை மெதுவாக்கி, முனையை இணைப்பின் மூலையிலேயே வைத்த பிறகுதான் பிடித்தது. இந்தச் சோதனையில் தொடர்ந்து தேறாதவர்கள் சட்டத்து வெல்டை மட்டும் ஒரு சான்றிதழ் பெற்ற வெல்டரிடம் கொடுப்பதில் எந்த வெட்கமும் இல்லை. பொருத்தி, டேக் (புள்ளி வெல்ட்) அடித்து வைத்துக் கூப்பிட்டால் அவருக்கு அரை நாள் வேலை.

சட்டத்துக்கு 0.030 அங்குலக் கம்பி. வெட்டிய இடத்தில் இரண்டு முனையையும் நேருக்கு நேர் ஒட்டிவிட்டு விடக் கூடாது. மேலே 3/16 அங்குலத் தகட்டைச் சாய்சதுரமாக வெட்டி, பக்கத்தில் ஒட்டுத் தகடாக வையுங்கள். சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வரும் வெல்ட் அருகேதான் விரிசல் விழும். சாய்சதுரம் அந்தச் சுமையைப் பரப்புகிறது. அழகுக்காகச் சட்டத்து வெல்டைக் கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்காதீர்கள். பலத்தைத் தேய்த்து எடுக்கிறீர்கள். ரேட் ராடில் வெல்ட் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் பின்பும் சட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்து, சட்டத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதுங்கள். இரண்டு மூலைவிட்டமும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் வண்டி நண்டு மாதிரி ஓடும்.

எஞ்சின்

எஸ்-10-இல் வந்த 4.3 லிட்டர் வி6 மோசமில்லை. செவ்ரோலேயின் 5.7 லிட்டர் 350 வி8 எஞ்சினில் இரண்டு சிலிண்டரைக் குறைத்து உருவாக்கியதுதான் அது. ஓடுகிறது என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பானெட் இல்லாத வண்டியில் எஞ்சின்தான் முகம். நானும் ஆசைக்கு விழுந்து, பழைய பிக்கப்பிலிருந்து எடுத்த 350-ஐயும் டி.எச். 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் வைத்தேன். இதை எஸ்-10-இல் மாட்டும் மவுண்டுகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

எஞ்சின் பின்பக்கம் மூன்று டிகிரி சாய்ந்து உட்காரட்டும். பின் அச்சின் பினியன் (எஞ்சினின் சுழற்சி உள்ளே வரும் முனை) அதே மூன்று டிகிரி மேல் நோக்கி இருக்கட்டும். இரண்டும் இணையாக இருந்தால்தான் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் இரண்டு கிராஸும் (மூட்டும்) ஒன்றின் அதிர்வை ஒன்று விழுங்கும். ஷாஃப்ட்டை அளந்து வெட்டி பேலன்ஸ் செய்யும் வேலையைக் கடையில் கொடுங்கள். எஸ்-10-இன் பின் அச்சு, பெரிய டயரோடு சேர்ந்த வி8-க்குக் கொஞ்சம் மெலிவு. பலர் ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல அச்சை வைக்கிறார்கள். வலுவானதுதான், ஆனால் அதன் வீல் போல்ட் வட்டம் 4.5 அங்குலம், எஸ்-10-க்கு 4.75. முன்பக்க வீல் பின்னால் பொருந்தாது. வீல் வாங்கும் முன்பே இதை முடிவுசெய்யுங்கள்.

பிரேக், ஸ்டியரிங்

இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்.

1951-இல் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு. எஸ்-10-இன் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் பெடல் தரை வழியாக வரும். புதியதை எஞ்சின் பக்கச் சுவரில் மாட்டும்போது அந்த மெல்லிய தகடு மிதிக்கும்போதெல்லாம் வளையும். உள்பக்கம் 1/8 அங்குலத் தகடு ஒன்றை வெல்ட் வைத்து, பெடல் பிராக்கெட்டை அதோடு பிடியுங்கள். மாஸ்டர் சிலிண்டரைத் தரைக்கு அடியிலேயே வைப்பவர்கள், டிஸ்க் பக்கம் 2 பவுண்டு, டிரம் பக்கம் 10 பவுண்டு அழுத்தம் நிறுத்தும் வால்வுகளைப் போட வேண்டும். இல்லாவிட்டால் திரவம் பின்னோக்கி வடிந்து, முதல் மிதி காலியாகப் போகும்.

குழாய் முழுக்கப் புதிது. நிக்கல் தாமிரக் குழாய் கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது. முனை இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது போல அழுத்தி இறுக்கும் இணைப்பான் பிரேக்கில் எங்கேயும் வரவே கூடாது.

ஸ்டியரிங் தண்டில் ஒவ்வொரு மூட்டும் 35 டிகிரிக்குள் வளையட்டும். மூன்று மூட்டு வந்தால் நடுவில் தாங்கும் பேரிங் ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் தண்டு கயிறு மாதிரி ஆடும். ஸ்டியரிங் தண்டிலோ அதன் கைகளிலோ நீங்களாக வெல்ட் வைக்காதீர்கள், வளைக்கவும் வேண்டாம். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே தெரியும்.

கூரையைத் தாழ்த்துவது

கேபின் தூண்களில் சில அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கூரையை மறுபடி உட்காரவைப்பதுதான் சாப் செய்வது. முதல் முறையென்றால் மூன்று அங்குலத்தோடு நிறுத்துங்கள். செய்யாமலே விட்டாலும் வண்டி நன்றாகத்தான் இருக்கும். ஆசை விடாது, தெரியும்.

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். கேபினுக்குள் முட்டுக்கம்பி வெல்ட் வைக்கும்போது கதவுகளைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தேன். எல்லாம் முடிந்து கதவை மாட்டினால், மேலே அரை அங்குலம் இடைவெளி, கீழே இடிக்கிறது. கதவுத் தூண் உள்ளே சாய்ந்துவிட்டது. முட்டுகளை வெட்டி, கேபினை ஜாக்கி வைத்து அகட்டி, மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஆகவே: கதவுகளை மாட்டி, சுற்றிலும் இடைவெளி சீராக வந்த பிறகு, கதவு மூடியிருக்கும்போதே உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஒரு அங்குலச் சதுரக் குழாயை வெல்ட் வைத்து இறுக்குங்கள். அப்புறம்தான் வெட்டு.

வெட்டும் கோடுகளை மாஸ்கிங் டேப்பால் போடுங்கள். டேப் எவ்வளவு அகலமோ அவ்வளவு வெட்டப்போகிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரியும். கதவின் மேல் சட்டமும் அதே கணக்கில் குறைய வேண்டும். கூரையைத் தூக்கிக் கீழே இறக்கியதும் ஒரு உண்மை புரியும்: முன் தூண்கள் சாய்ந்தவை, கேபின் மேலே போகப் போகக் குறுகுவது. அதனால் பின் பக்கத்தைப் பொருத்தினால் முன் பக்கம் பொருந்தாது. கூரையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, விலக்கி, நடுவில் ஒரு பட்டை சேர்த்துத்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

மெல்லிய தகட்டுக்கு 0.023 கம்பி. நீளமாக இழுத்தால் சூட்டில் கூரை அப்பளம் மாதிரி நெளியும். இங்கே ஒரு புள்ளி, ஒரு அடி தள்ளி ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி. கை வைத்தால் சுடாத அளவு ஆறிய பிறகுதான் பக்கத்தில் அடுத்தது. என் கூரைக்கு இப்படியே நான்கு சனிக்கிழமை போனது. கண்ணாடிக் கடைக்கு அட்டையில் அச்சு வெட்டிக் கொடுங்கள்; முன்பக்கம் லேமினேட்டட் கண்ணாடிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். டெம்பர்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவே முடியாது, பொடிப்பொடியாகிவிடும்.

பெட்ரோல், கரண்ட், தொட்டி

1949-இலிருந்து இந்த வண்டிகளில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள்ளே, சீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதைத் தூக்கி எறியுங்கள். எஸ்-10-இன் டாங்கையே சட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குள் இருப்பது இஞ்செக்ஷன் எஞ்சினுக்கான பம்ப். கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பவுண்டு அழுத்தம் போதும். அந்தப் பம்பை நேராக இணைத்தால் கார்புரேட்டர் பொங்கி வழியும்.

பழைய 6 வோல்ட் வயரிங்கை மறந்துவிட்டு, 12 வோல்ட் புது ஹார்னஸ் (ஆயத்த வயர் கட்டு) வாங்குங்கள். எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு ஒன்று, சட்டத்திலிருந்து கேபினுக்கு ஒன்று என்று தடித்த எர்த் வயர் இரண்டு. விளக்கு மங்குவது, மீட்டர் துள்ளுவது, செல்ஃப் எடுக்காதது எல்லாவற்றுக்கும் பாதி நேரம் எர்த்தான் காரணம்.

பின்தொட்டி உங்கள் கற்பனை. அசலை நான்கு அடிக்கு வெட்டிக்கொண்டேன், தரைக்குப் பழைய களஞ்சியத்துப் பலகை.

துருவைக் காப்பாற்றுவது

வெளித்தோலில் உள்ள துருவை எடுக்காமல் நிறுத்த வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பும் தேய்ப்பு நாரும் வைத்து, உதிர்வது எல்லாம் உதிரும் வரை கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு பாயில்டு லின்சீட் எண்ணெய் ஒரு பங்கு, மினரல் ஸ்பிரிட் ஒரு பங்கு கலந்து துணியால் பூசி, அரை மணியில் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். துரு பழைய செப்புப் பாத்திர நிறத்துக்கு வரும். ஆண்டுக்கு ஒருமுறை பூசினால் போதும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரம்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

புதிதாக ஒட்டிய தகடு மட்டும் பளபளவென்று நிற்கும். அதற்கு முதலில் வினிகர் தெளித்து, காய்ந்ததும் ஹைட்ரஜன் பெராக்ஸைடில் உப்பும் சிறிது வினிகரும் கலந்து தெளித்தால் சில நிமிடத்திலேயே சிவக்கத் தொடங்கும். வெளியே, காற்றோட்டத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மிச்சக் கலவையை மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள், பிளீச்சை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். கேபினின் உள்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் எபாக்ஸி பிரைமர். துரு வெளியே மட்டும்தான்.

முதல் ஸ்டார்ட், முதல் ஓட்டம்

எஞ்சினைப் புதிதாகக் கட்டியிருந்தால், டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்தனுப்பும் பாகம்) தூக்கிவிட்டு, அந்தத் துளை வழியாக டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றுங்கள். எஞ்சினின் மேலே உள்ள ராக்கர்களில் எண்ணெய் கசியும் வரை சுற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப வைக்கும்போது முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரலை வைத்து, எஞ்சினை மெதுவாகச் சுற்றி, காற்று விரலைத் தள்ளும்போது நிறுத்துங்கள். தள்ளவில்லை என்றால் பாதிச் சுழற்சி மாறியிருக்கிறது. ஸ்டார்ட் ஆகாது, கார்புரேட்டர் வழியாகத் தீ துப்பும், புருவம் போகும். 350-இன் வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. பழைய பாணித் தட்டை டாப்பெட் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புதிதாகப் போட்டிருந்தால், துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடவிடுங்கள். மெதுவாக ஓடவிட்டால் கேம் தேய்ந்து போகும். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும்.

சாலைக்கு எடுக்கும் முன் ஒரு காலி வாகன நிறுத்தத்தில் 15 மைல் வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, முன் டயர் முழுக்க ஒடித்தால் எங்காவது உரசுகிறதா, கேபினுக்குள் புகை வாசனை வருகிறதா. சரியாக இருந்தால் சக்கரக் கோணம் பார்க்கும் கடைக்கு, பிறகு மாநிலச் சோதனைக்கு. 50 மைல் ஓடியதும் வீல் நட்டிலிருந்து கேபின் போல்ட் வரை எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். 500 மைலில் இன்னொரு முறை.

அன்று இரவு வண்டியின் அடியில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பாருங்கள். அட்டையில் பழுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் ஆயில், ஓரிரண்டு என்றால் இந்த எஞ்சினுக்கு அது சகஜம். சிவப்பு என்றால் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங். பச்சை என்றால் ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்பை இறுக்குங்கள். நிறமே இல்லாமல், தொட்டால் வழுக்கும் ஈரம் ஏதாவது சக்கரத்தின் பக்கம் தெரிந்தால், சாவியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு ஸ்பானரோடு திரும்பி வாருங்கள். அது பிரேக் திரவம்.